பதினேழு பிடி அரிசி

என் கைக்கு ஒரு பிடி அரிசி 58 கிராம். ஆச்சியின் கைக்கு 44. மைனி, அதாவது அண்ணி, கேக் செய்வதற்கென்று வாங்கி வைத்திருக்கும் சின்னத் தராசில் நிறுத்துப் பார்த்த கணக்கு இது. எட்டு நிமிடப் படம் ஒன்றை எடுக்கப் போனவள் அரிசி நிறுக்க வேண்டிய நிலைக்கு எப்படி வந்தேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோக்களைத் தொகுப்பது என் பிழைப்பு. ஒன்பது மணி நேரக் கல்யாணத்தை மூன்று மணி நேரமாக்குவேன். அந்த மூன்று மணி நேரத்தை நான்கு நிமிடப் பாட்டாக்குவேன். சொந்த ஊர் மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கம், செம்மணல் தேரிக்காட்டு ஓரம். ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்பது ஆச்சியின் உத்தரவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது வாலிபர் சங்கச் செயலாளர் ஒரு தாளைக் கையில் திணித்தான். செயலாளர் என்றால் பெரிய ஆள் இல்லை, எனக்குத் தம்பி முறையான சித்தப்பா மகன்தான். குறும்படப் போட்டி. தலைப்பு ‘கொடுங்கள்’. பெயர் போடுவதையும் சேர்த்து எட்டு நிமிடம். ஆங்கிலத் துணைவரிகள் கட்டாயம். இசைக்கு உரிமை நம்முடையதாக இருக்க வேண்டும். கதையைத் தம்பி ஏற்கெனவே எழுதி வைத்திருந்தான்.

பிடி அரிசியைப் பற்றிய கதை. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்: எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் பிடி அரிசிக் காணிக்கை என்று ஒன்று உண்டு. உலை வைக்கும்போது பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனியாக ஒரு பாத்திரத்தில் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். எல்லா வீட்டு அரிசியும் ஒன்றாகக் கொட்டப்படுவதால் பொன்னியும் இட்லி அரிசியும் ரேஷன் அரிசியும் கலந்து கிடக்கும். வடித்தால் ஒரு பாதி குழையும், இன்னொரு பாதி விறைத்துக்கொண்டு நிற்கும். அதனால் மலிவாகத்தான் போகும். கஞ்சிக்கு எடுப்பவர்கள் உண்டு, கோழிக்கு எடுப்பவர்களும் உண்டு.

தம்பியின் கதையில் ஒரு ஏழை விதவை. வீட்டில் கடைசி ஒரு பிடி அரிசி. அதைக் கடவுளுக்கென்று மண்கலயத்தில் போட்டுவிட்டு முழங்காலில் நின்று அழுகிறாள். கதவு தட்டப்படுகிறது. திறந்தால் வாசலில் ஒரு மூட்டை அரிசி. வயலின்.

இந்த மாதிரிப் போட்டிகளுக்கு வரும் படங்களில் மூன்று விஷயங்களைத் தவறாமல் பார்க்கலாம்: குடிகார அப்பா, காற்றில் தானாகத் திறந்துகொள்ளும் வேதப்புத்தகம், ஜன்னல் வழியே சாய்வாக விழும் ஒளிக்கற்றை. தம்பியிடம் இதைச் சொன்னேன். சொல்லத் தகுதி எனக்கில்லை என்பதும் உண்மை. அந்த ஒளிக்கற்றையை மாதத்துக்கு எட்டுக் கல்யாணங்களில் நானே கணினியில் வரைகிறேன்.

விதவையாக நடிக்க அடுத்த வீட்டு ஆச்சியைக் கேட்டோம். அப்பாவுக்குப் பெரியம்மா முறை. எழுபது தாண்டிவிட்டது, தனியாக இருக்கிறார், காது கூர்மை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: “ஜெபம் பண்ணுகிற மாதிரி நடிக்க மாட்டேன். வேண்டுமானால் நான் ஜெபம் பண்ணும்போது நீ எடுத்துக்கொள்.” அப்படியானால் பின்னாலிருந்துதான் எடுப்பேன் என்றேன். “அது உன் பாடு” என்றார்.

ஆனி மாதம், வெள்ளியும் சனியும் என்று இரண்டு நாள். கேமரா வாடகை நாளுக்கு 1,500 ரூபாய். தம்பி கேமரா, மைனி ஒலி, சங்கத்துப் பையன்கள் நான்கு பேர் மற்றவை எல்லாம். மற்றவை என்பதில் மயில் விரட்டுவதும் அடக்கம். தேரிக்காட்டு ஊர்களில் மயில் எவ்வளவு என்பது அங்கே ஒலிப்பதிவு செய்தவருக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை ஆச்சியின் அடுக்களைக்குள் நுழைந்ததும் கதை பாதி உதிர்ந்துவிட்டது. மண்கலயம் இல்லை; கைப்பிடி போன எவர்சில்வர் தூக்குவாளிதான் அவருடைய பிடி அரிசிப் பாத்திரம். விறகடுப்பு இல்லை, கேஸ் அடுப்பு. தம்பி எங்கிருந்தோ ஒரு மண்கலயத்தைக் கொண்டுவந்திருந்தான். ஆச்சி அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது பதநீர்க் கலயம், இதில் யார் அரிசி போடுவார்கள் என்று கேட்டார். விறகடுப்பு மூட்டலாமா என்றதற்கு, “ஏன், கேஸ் அடுப்பில் பொங்கினால் கர்த்தருக்குத் தெரியாதா?” என்றார். தூக்குவாளியும் கேஸ் அடுப்பும் படத்தில் இருக்கின்றன.

அடுத்ததுதான் பெரிய அடி. சாக்கிலிருந்து ஒரு பிடி அள்ளி வாளியில் போட வேண்டும் என்று ஆச்சியிடம் சொன்னேன். அவர் அசையவில்லை. சாக்கிலிருந்து எடுப்பது பிடி அரிசி இல்லையாம். முதலில் ஆழாக்கில் இன்றைக்குப் பொங்க வேண்டிய அரிசியை அளந்துவிட வேண்டும். அளந்ததிலிருந்துதான் பிடியை எடுக்க வேண்டும். எடுத்த பிறகு ஆழாக்கை மறுபடி நிரப்பக் கூடாது. அன்றைக்குச் சோறு அந்த அளவுக்குக் குறையும்.

பிறந்ததிலிருந்து பார்த்த விஷயம் இது. அம்மா போட்டிருக்கிறாள், நானே போட்டிருக்கிறேன். சாக்கிலிருந்துதான் போட்டிருக்கிறேன்.

திட்டமிட்ட ஷாட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆழாக்கைச் சுற்றியே படத்தை மாற்றினேன். தலைதட்டி அளந்த ஆழாக்கு. அதற்குள் இறங்கும் கை. கை வெளியே வந்ததும் நடுவில் விழும் குழி. அந்தக் குழியைச் சரியாகக் காட்ட வேண்டும் என்று அரை நாளைச் செலவழித்தேன். வெளிச்சத்தோடு வேறு மல்லாட வேண்டியிருந்தது. அடுக்களையில் ஒரே ஜன்னல், மீதிக்கு ஒரு எல்இடி பல்பு. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. நொடிக்கு 25 பிரேம் வைத்து, ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு நொடிக்குக் கொண்டுவராவிட்டால் சில பல்புகளின் வெளிச்சம் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். தம்பி 24 பிரேம்தான் சினிமா என்று அடம் பிடித்தான். இரண்டையும் எடுத்துக் காட்டிய பிறகு அடங்கினான்.

முதல் டேக் முடிந்தது. கை நடுங்கியது போல இருந்ததால் இன்னொன்று போகலாம் என்றேன். தம்பி வாளியிலிருந்த அரிசியை எடுத்து ஆழாக்கில் திருப்பிக் கொட்டப் போனான். ஆச்சி அவன் கையைப் பிடித்தார்.

“போட்டது போட்டதுதான்.”

படத்துக்காகப் போட்டது ஆச்சி, காணிக்கை இல்லை என்று விளக்கினோம். இந்த வாளிக்குள் விழுந்தால் காணிக்கைதான், யார் எதற்குப் போட்டாலும் சரி என்றார். வேறு வாளி வைக்கலாமா என்று பையன்களில் ஒருவன் கேட்டான். ஆச்சி அவனைப் பார்த்த பார்வையில் அவன் மயில் விரட்டப் போய்விட்டான். இரண்டாவது டேக்கும் ஆச்சியின் அரிசியிலேயே முடிந்தது. அதற்கு மேல் அவரைக் கேட்க எங்களுக்கே கூச்சமாக இருந்தது. சங்கப் பணத்தில் கடையிலிருந்து இரண்டு கிலோ பொன்னி வாங்கி வந்தோம்.

டிஜிட்டல் கேமராவில் வேலை செய்கிறவர்களுக்கு டேக் என்பது காற்று மாதிரி. கார்டில் இடம் இருக்கும் வரை எடுத்துக்கொண்டே இருப்போம், சரியில்லாததை அழித்துவிடுவோம். கல்யாண மேடையில் மாலை மாற்றுவதை மூன்று தடவை செய்யச் சொல்லி எடுத்திருக்கிறார்கள், நானும் கூச்சமில்லாமல் மூன்றாவதைச் சேர்த்திருக்கிறேன். ஆச்சியின் அடுக்களையில் ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு பிடி போய்க்கொண்டிருந்தது, போனது திரும்பாது. ஐந்தாவது டேக்கிலிருந்து நான் ‘ஆரம்பிக்கலாம்’ என்று சொல்வதற்கு முன் எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்க்கத் தொடங்கினேன். போக்கஸ், நிழல், மைனியின் ஹெட்போன், வெளியே மயில். அப்படிப் பார்த்தும் பதினேழு ஆகிவிட்டது. நாலாவது டேக்கில் பஸ் ஹாரன். ஒன்பதாவதில் கேஸ் சிலிண்டர்காரர். பன்னிரண்டாவது அற்புதமாக வந்தது; தம்பி பதிவுப் பொத்தானை அழுத்தவில்லை.

ஒலியைப் பற்றிச் சொல்லாவிட்டால் மைனி என்னை வீட்டுக்குள் விடமாட்டார். சின்ன வயதில் கோயில் வளாகத்தில் வெள்ளைத் துணி கட்டி இயேசுவின் படம் போடுவார்கள். லூக்கா சுவிசேஷத்தை வைத்து 1979-இல் வந்த படம், தமிழில் பேசும். உதடு வேறு எதையோ பேசும். இடம் இல்லாமல் துணிக்குப் பின்பக்கம் உட்கார்ந்தால் இயேசு இடது கையால் அப்பம் பிட்டுக் கொடுப்பார். அதெல்லாம் எங்களைத் தொந்தரவு செய்ததே இல்லை. ஆனால் ஒலி நின்றால் ஊரே சத்தம் போடும். ஆனி மாதக் காற்றில் தேரி மணல் பறந்து மைக்கில் அடிக்கும் சத்தத்தைக் கேட்டபோது அந்த வெள்ளைத் துணிதான் நினைவுக்கு வந்தது. மைனி தன் மகளின் கரடிப் பொம்மையைக் கிழித்து அதன் ரோமத் தோலை மைக்குக்கு உறையாகப் போட்டார். காற்றுச் சத்தம் பாதிக்கு மேல் அடங்கியது. மகள் இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாளியைக் கேட்டுக்கொண்டிருந்த மைனிதான் அதையும் கண்டுபிடித்தார். காலி வாளியில் விழும் அரிசி கணீரென்று ஒலிக்கிறது. பிடி ஏற ஏற அந்த ஒலி மங்கிக்கொண்டே வருகிறது. கடைசியில் அரிசி மேல் அரிசி விழுகிற பொதபொத சத்தம் மட்டும். திங்கள் முதல் சனி வரை ஆறு நாளைக் காட்ட ஆறு காட்சிகள் எழுதி வைத்திருந்தோம். ஆறையும் விட்டுவிட்டு, ஆச்சியின் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒலியிலேயே வாரத்தை ஓட்டினோம். பதினேழு டேக் வீணாகாமல் போனதும் இப்படித்தான். ஒவ்வொரு டேக்கிலும் வாளி கொஞ்சம் நிரம்பியிருந்ததே!

சனிக்கிழமை கோயிலுக்குள் எடுக்க வேண்டிய ஒரு காட்சிக்குச் சபையின் மூத்தவர் ஒருவர் மறுப்புத் தெரிவித்தார். கோயிலுக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம் என்பது அவர் கேள்வி. எனக்கு இந்தக் கேள்வி பிடிக்கும், பதில் தயாராக வைத்திருப்பேன். 1905-இல் திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், துபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்டார். தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் படம் காட்டக் கிளம்பியது அப்போதுதான், அவர் பெட்டியில் இருந்த படங்களில் ஒன்று இயேசுவின் வாழ்க்கை. அதற்கு ஐந்தாறு வருடம் கழித்து பம்பாயில் இயேசுவின் வாழ்க்கையைத் திரையில் பார்த்துவிட்டுத்தான், நம் தெய்வங்களை இப்படிக் காட்ட முடியாதா என்று இந்திய சினிமாவின் முன்னோடி பால்கே யோசித்தார்; 1913-இல் அவருடைய முதல் படம் வந்தது. இவ்வளவையும் மூச்சு விடாமல் சொன்னேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டார்.

“அந்த வின்சென்ட், கோயிலுக்குள் வைத்தா படம் எடுத்தார்?” என்றார்.

வெளியே எடுத்தோம். ஆச்சி வாளியோடு நடந்து போகிறார், தூரத்தில் பனைகளுக்கு மேல் மெஞ்ஞானபுரம் கோயிலின் 192 அடிக் கோபுரம் ஊசியாக நிற்கிறது. 1837-இல் இங்கே வந்த வேல்ஸ் நாட்டுக்காரர் ஜான் தாமஸ் கட்டத் தொடங்கிய கோயில். உள்ளே எடுத்திருந்தால் இந்த ஷாட் கிடைத்திருக்காது. பெரியவரிடம் இதைச் சொல்லவில்லை.

இனி முடிவுக்கு வருகிறேன். வாசலில் அரிசி மூட்டை.

மூட்டைக் காட்சியை எடுக்கத் தயாரானபோது, இது யார் வீட்டு மூட்டை என்று ஆச்சி கேட்டார். கதைப்படி கடவுள் அனுப்பியது என்றான் தம்பி. ஆச்சி சிரிக்க ஆரம்பித்தார். ஐம்பது வருடமாகப் போடுகிறேன், ஒரு தடவை கூட மூட்டை வந்ததில்லை, வந்ததாகக் காட்டினால் ஊரில் என்னைக் கேலி செய்வார்கள் என்றார். சாறிபாத் விதவைக்குப் பானையில் மாவு குறையவில்லையே ஆச்சி என்று தம்பி வேதத்திலிருந்து எடுத்துவிட்டான். “அவள் பானை குறையவில்லை. என் பானை மாதக் கடைசியில் குறையும். நான் என்ன செய்யட்டும்?” என்று அவர் கேட்டதற்கு எங்களில் ஒருவரிடமும் பதில் இல்லை.

அன்று மாலை எங்கள் சபைப் போதகர் ஐயரவர்கள் வீட்டுத் திண்ணையில் பஞ்சாயத்து. அற்புதம் இல்லாமல் அது எப்படி விசுவாசப் படம் ஆகும் என்பது பையன்களின் கட்சி. பார்க்கிறவர்களுக்கு ஏதாவது கிடைக்க வேண்டும் அல்லவா என்றார்கள். நியாயமான பேச்சுதான். நான் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையை எடுத்தேன். அவள் போட்டதை இயேசு பார்த்தார், சீஷர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு அவள் வீட்டுக்குப் போய் ராத்திரி என்ன சாப்பிட்டாள் என்று மாற்கும் எழுதவில்லை, லூக்காவும் எழுதவில்லை. அவளுக்கு மூட்டை வந்ததா? ஐயர் வேதத்தை எடுத்து அந்தப் பகுதியை மறுபடியும் வாசித்தார். “வரவில்லை” என்றார். “அவளை நேரில் கூப்பிட்டு ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை, பார்.” மூட்டை போயிற்று. படம் ஆச்சி சாப்பிட உட்காருவதோடு முடிகிறது. தட்டில் சோறு ஒரு பிடி குறைவாக இருக்கிறது. அதை நாங்கள் சுட்டிக்காட்டவில்லை.

இசையில் அதிகம் மெனக்கெடவில்லை. வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்றை எடுத்துக்கொண்டோம். அவர் 1864-இல் மறைந்தவர். எழுதியவர் இறந்து 60 வருடம் வரைதான் உரிமை என்பதால் பாட்டுக்குத் தடையில்லை. கடையில் கிடைக்கும் ஒலிப்பதிவைத்தான் தொடக் கூடாது, அது வேறு உரிமை. ஆகவே ஆச்சியையே பாத்திரம் கழுவிக்கொண்டு பாடச் சொன்னோம். இரண்டாவது சரணத்தில் ஒரு வரியை மறந்துவிட்டு முனகியிருக்கிறார். அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

துணைவரிகளில் மட்டும் ஒரு ராத்திரி போயிற்று. படத்தில் பேச்சே ஒன்பது வரிதான், அதில் மூன்று வரி ‘ஸ்தோத்திரம்’. வழியில் ஒருவரைப் பார்த்ததும் ஸ்தோத்திரம் என்கிறார், அது வணக்கம். ஒரு பையன் வாளியை வாங்கிக்கொள்ளும்போது ஸ்தோத்திரம் என்கிறார், அது நன்றி. மூட்டுவலியோடு தரையிலிருந்து எழும்போதும் ஸ்தோத்திரம் என்கிறார். அதற்கு ஆங்கிலத்தில் எதுவும் போடாமல் விட்டுவிட்டேன்.

போட்டி ஆவணியில் பாளையங்கோட்டையில் நடந்தது. எங்கள் படத்துக்குப் பரிசு இல்லை. அரங்கில் ஒலிபெருக்கி ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தது, வாளியின் கணீர் எல்லாம் கரகரப்பாகக் கேட்டது. நான் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுவர்களில் ஒருவர் படம் நன்றாக இருக்கிறது, ஆனால் செய்தி தெளிவாக இல்லை என்றார். இன்னொருவர் அந்தப் பாட்டி உண்மையிலேயே சமைத்தாரா என்று கேட்டார். முதல் பரிசு வாங்கியது ஒரு குடிகார அப்பா. படத்தொகுப்பு சுத்தமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வேதப்புத்தகமும் திறந்தது.

முழங்கால் வலி என்று ஆச்சி பாளையங்கோட்டைக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். படப்பிடிப்பு முடிந்த மறுநாளே வாளி கோயிலுக்குப் போய், ஏலத்தில் தம்பியே அந்தக் கலவையை எடுத்து, சங்கத்துப் பையன்கள் கஞ்சி காய்ச்சிக் குடித்து முடித்திருந்தார்கள். ஆச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எட்டு நிமிடமும் அசையாமல் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆழாக்குக் குழி வருகிற இடத்தில் முன்னால் குனிந்தார்.

“இது எத்தனையாவது தடவை எடுத்தது?”

பதினாறாவது என்றேன். அதில்தான் கை களைத்து, அவசரமே இல்லாமல் இறங்கியிருந்தது.

“இதில் பிடி குறைச்சலாக இருக்கிறதே. எல்லா ஊரிலும் பார்த்திருப்பார்களே.”

அரை நாள் கை வலிக்க வலிக்க அள்ளினால் அப்படித்தான் ஆகும் ஆச்சி, யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். அன்றைக்கே தெரிந்ததாம். நாங்கள் விளக்கையெல்லாம் கழற்றிக்கொண்டு போன பிறகு, சாயங்காலமே தன் சாக்கிலிருந்து ஆழாக்கில் அளந்து, அதிலிருந்து இன்னொரு பிடி எடுத்து வாளியில் போட்டுவிட்டாராம்.

அன்று ராத்திரிதான் மைனியின் தராசை எடுத்தேன். ஆச்சியைப் பிடிக்கச் சொல்லி, என் கையிலும் பிடித்து நிறுத்தேன். படத்தின் கடைசியில் ஓடும் பெயர்களில் ‘அரிசி: 17 பிடி’ என்று வேடிக்கையாக ஒரு வரி போட்டிருந்தேன். அதை 18 என்று மாற்றி, படத்தை மறுபடியும் எக்ஸ்போர்ட் ஆகப் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.